மென்பொருள் நிறுவனத்தின் சமூகப் பொறுப்புத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – எழுதியவர்: புதுப்பொறுப்பு

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ நானூறு பேர் பணிபுரியும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஊழியர்களின் ஊதியம், விடுப்பு, வருகைப் பதிவு ஆகியவற்றை நிர்வகிக்கும் மென்பொருளை எழுதிப் பிற நிறுவனங்களுக்குச் சந்தா முறையில் வழங்குவதே எங்கள் தொழில். தொழிற்சாலையோ கிடங்கோ எங்களுக்கு இல்லை; சர்வர்கள்கூடச் சொந்தமானவை அல்ல, மேகக்கணிமைச் சேவையில் வாடகைக்கு எடுத்தவை.

சென்ற மாதம் இயக்குநர் குழு, சமூகப் பொறுப்புக்கென ஒரு கொள்கையும் மூன்றாண்டுத் திட்டமும் வேண்டும் என்று முடிவு செய்து, வரைவை எழுதும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. இதுவரை நாங்கள் செய்துவந்தவை மூன்றுதான்: ஆண்டுக்கொரு முறை மரக்கன்று நடுதல், குருதிக்கொடை முகாம், பயன்பாட்டிலிருந்து நீக்கிய மடிக்கணினிகளைப் பள்ளிகளுக்கு வழங்குதல். (ஒரு முறை, முந்தைய ஆண்டு நட்ட கன்று பட்டுப்போன அதே குழியில் புதிய கன்றை வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.)

இவற்றையே சற்றுப் பெரிதாக்கி எழுதினால் போதும் என்கிறார் என் மேலாளர். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களான பெரிய நிறுவனங்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கரிம உமிழ்வு, மனித உரிமைக் கொள்கை, ஒப்பந்தத் தொழிலாளர் நிலை என்று நீண்ட கேள்விப் படிவத்தை அனுப்பத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட நாங்கள் நட்ட கன்றுகளின் எண்ணிக்கை விடையாகவில்லை. புகைபோக்கியே இல்லாத ஒரு நிறுவனம் எதற்கெல்லாம் பொறுப்பேற்க வேண்டும், முதல் ஆண்டில் எதைக் கையில் எடுக்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

பதில் 1 – எழுதியவர்: பழைய தணிக்கையாளர்

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. நிறுவனம் ஈட்டிய பணத்தில் எவ்வளவைக் கொடுக்கிறது என்பதில் அந்தப் படிவத்துக்கு அக்கறை இல்லை; அந்தப் பணத்தை எப்படி ஈட்டுகிறது என்றுதான் அது கேட்கிறது. பல நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு அறிக்கைகளைத் தணிக்கை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்விரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதுவதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 26000 வழிகாட்டி, சமூகப் பொறுப்பை ஏழு பொருள்களாகப் பிரிக்கிறது. நிறுவன ஆளுகை, மனித உரிமைகள், தொழிலாளர் நடைமுறைகள், சுற்றுச்சூழல், நேர்மையான வணிக நடைமுறை, நுகர்வோர் நலன் ஆகிய ஆறும் முடிந்த பிறகே, சுற்றியுள்ள சமுதாயத்தில் பங்கேற்பதும் அதன் மேம்பாடும் ஏழாவதாக வருகின்றன. நீங்கள் இதுவரை செய்தவற்றில் பெரும்பகுதி அந்த ஏழாவதற்குள் அடங்கிவிடும். (இந்த வழிகாட்டிக்குச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது, அது அதற்காக எழுதப்பட்டதும் அன்று. 26000 சான்றிதழ் பெற்றுத் தருகிறோம் என்று யாரேனும் கட்டண விவரத்துடன் வந்தால் வாசலிலேயே விடைகொடுத்து அனுப்பிவிடுங்கள்.)

வணிகமும் மனித உரிமைகளும் பற்றி ஐ.நா. மனித உரிமை மன்றம் 2011இல் ஏற்றுக்கொண்ட 31 வழிகாட்டு நெறிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஒரு நிறுவனம் தன் செயல்பாடுகளில் உரிமைகளை மதிக்கத் தவறியதை, வேறோர் இடத்தில் செய்யும் நற்பணியைக் காட்டி ஈடுகட்ட முடியாது என்பதை அவற்றின் விளக்கவுரை வெளிப்படையாகவே சொல்கிறது. கொடையைச் சட்டக் கடமையாக்கிய நாடுகளிலும் இந்தப் பிரிவினை உண்டு. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆனால் வழக்கமான தொழில் நடவடிக்கைகளுக்கு ஆகும் செலவை அந்தக் கணக்கில் சேர்ப்பதற்கு விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. ஆகவே கொடை ஒரு பேரேடு, நடத்தை மற்றொரு பேரேடு. உங்கள் வாடிக்கையாளர் கேட்பது இரண்டாவது.

இனிப் புகைபோக்கிக்கு வருகிறேன். பசுங்குடில் வாயுக் கணக்கீட்டு நெறிமுறையின்படி, உங்கள் வளாகத்தில் நேரடியாக எரிவது ஸ்கோப் 1. விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் வேறிடத்தில் எரிவது ஸ்கோப் 2. கொள்முதல், விமானப் பயணம், ஊழியர்கள் வந்துபோவது, கழிவு என்று மீதமுள்ள அனைத்தும் 15 பிரிவுகளாக ஸ்கோப் 3. டீசல் ஜெனரேட்டர் ஒன்றிரண்டு இருந்தால் அதுவே உங்கள் ஸ்கோப் 1 என்பதால், அந்தப் பத்தியைப் பார்த்துவிட்டு நாங்கள் தூய்மையானவர்கள் என்று அறிவிக்கத் தோன்றும். உண்மையில் உங்கள் புகைபோக்கி வாடகைச் சர்வர் இருக்கும் தரவு மையத்திலும், மடிக்கணினி உருவான தொழிற்சாலையிலும் இருக்கிறது. இது சிறிய நிறுவனங்களின் சிக்கல் மட்டுமன்று. 2030க்குள் தான் வெளியிடுவதைவிட அதிகமான கரிமத்தை நீக்குவதாக 2020இல் உறுதியளித்த மைக்ரோசாஃப்ட், நான்கு ஆண்டுகள் கழித்துத் தன் உமிழ்வு 2020ஐவிட 29 விழுக்காடு கூடியிருப்பதாக அறிவிக்க நேர்ந்தது. கூகுளின் 2024 அறிக்கையிலோ 2019ஐவிட 48 விழுக்காடு உயர்வு பதிவாகியிருந்தது. இரண்டிலும் தரவு மையங்களின் பெருக்கமே முதன்மைக் காரணம். இந்த எண்களை மறைக்காமல் அச்சிட்டதை நான் அவர்களுக்கு ஆதரவாகவே எடுத்துக்கொள்கிறேன். இலக்கை மட்டும் அச்சிட்டுவிட்டு அளவீட்டை விட்டுவிடும் நிறுவனங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அளவில் செய்யக்கூடியது இதுதான். பெரிய மேகக்கணிமை நிறுவனங்கள், ஒவ்வொரு வாடிக்கையாளரின் பயன்பாட்டுக்கும் உரிய உமிழ்வைக் கணக்கிட்டுக் காட்டும் கருவியைத் தருகின்றன. முதலில் அதைத் திறந்து பாருங்கள். இரவு முழுவதும் யாரும் தொடாமல் ஓடும் சோதனைச் சர்வர்களும், எவருக்கும் நினைவில்லாத பழைய காப்புப்பிரதிகளும் எல்லா நிறுவனங்களிலும் இருக்கும். அவற்றை நிறுத்தினால் உமிழ்வோடு கட்டணமும் குறையும் என்பதால் நிதிப் பிரிவும் உங்கள் பக்கம் வந்துவிடும். அடுத்ததாக, ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் உமிழ்வின் பெரும்பகுதி, அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பின்போதே நிகழ்ந்துவிடுகிறது. மூன்று ஆண்டில் மாற்றும் வழக்கத்தை ஐந்தாக நீட்டினால், அலுவலக விளக்குகளை அணைக்கச் சொல்லி ஒட்டும் அறிவிப்புகள் அனைத்தையும்விட அது அதிகம் சாதிக்கும்.

---

பதில் 2 – எழுதியவர்: வகுப்பறைப் பக்கம்

மடிக்கணினி வழங்குவதைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நான் பெறும் பக்கத்தில் இருந்தவள்.

ஒரு நிறுவனம் எங்கள் பள்ளிக்கு அறுபது மடிக்கணினிகளை விழா எடுத்து வழங்கியது. பாதிக்கு மேற்பட்டவற்றில் மின்கலம் செயலிழந்திருந்தது. பலவற்றுக்குச் சார்ஜர் இல்லை. பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. ஓராண்டுக்குள் அவை அலமாரிக்குள் போய்ச் சேர்ந்தன. அதாவது அந்த நிறுவனம் தன் மின்னணுக் கழிவை எங்கள் அலமாரிக்கு இடம் மாற்றியிருந்தது. அவற்றில் ஒன்றைத் திறந்தபோது அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் அப்படியே இருந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. கோப்புகளை நீக்கியிருந்தார்கள், ஆனால் மீட்க முடியாதபடி சேமிப்பு வட்டை முறையாக அழித்திருக்கவில்லை.

2022இல் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உருவாக்கியதாகவும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருப்பதாகவும் ஐ.நா. அமைப்புகளின் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. பள்ளி அலமாரிகள் மீதமுள்ள பங்கைச் சேர்ந்தவை.

கருவி நன்றாக இருந்தாலும் கதை முடிந்துவிடுவதில்லை. குழந்தைக்கொரு மடிக்கணினி என்ற பெரும் இயக்கத்தின்கீழ்ப் பெரு நாட்டில் லட்சக்கணக்கான கருவிகள் வழங்கப்பட்டன. அங்கு 319 தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2012இல் வெளியான மதிப்பீடு, மொழியிலும் கணிதத்திலும் மாணவர்களின் தேர்ச்சி கூடியதற்குச் சான்று இல்லை என்று கண்டது. பொதுவான சிந்தனைத் திறன்களில் சிறிது முன்னேற்றம் தென்பட்டதே தவிர, ஆசிரியர் பயிற்சியும் பாடத்தோடு இணைந்த பயன்பாடும் இல்லாத கருவியால் பாடம் மாறிவிடவில்லை. நீங்கள் தொடர்ந்து வழங்குவதாக இருந்தால், வட்டை அழித்ததற்கான பதிவும், குறைந்தது இரண்டு ஆண்டுப் பராமரிப்பும், கருவி ஓய்ந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உறுதியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அந்த மூன்றையும் தர இயலாவிட்டால் வழங்காமல் இருப்பதே எங்களுக்குச் செய்யும் உதவி.

---

பதில் 3 – எழுதியவர்: செவிவழி வாசகர்

நான் பார்வையற்றவன், மென்பொருள் சோதனையாளராகப் பணிபுரிகிறேன். ஊதிய மென்பொருள் எழுதுகிறோம் என்று நீங்கள் குறிப்பிட்டதைப் படித்ததும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏனெனில் அந்த வகை மென்பொருள் என் அன்றாட வாழ்வில் குறுக்கே நிற்பது.

என் பழைய பணியிடத்தில் விடுப்பு விண்ணப்பத் திரையில் ஒரு நாட்காட்டி இருந்தது. விடுமுறை நாள் சிவப்பிலும், அனுமதிக்கப்பட்ட நாள் பச்சையிலும், நிலுவையில் உள்ளது மஞ்சளிலும் தெரியுமாம். என் திரைவாசிப்பான் அந்த நாட்காட்டியில் எனக்குப் படித்துக் காட்டியது 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்பதை மட்டுமே. ஊதியச் சீட்டோ படமாக உருவாக்கப்பட்ட பி.டி.எஃப். கோப்பு, அதில் ஓர் எழுத்தைக்கூடக் கேட்க முடியாது. ஆகவே எனக்கு உடல்நலம் இல்லாததையும், நான் எவ்வளவு சம்பாதிக்கிறேன் என்பதையும், எவ்வளவு கடன் பிடித்தம் ஆகிறது என்பதையும் ஒவ்வொரு மாதமும் பக்கத்து இருக்கைக்காரர் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் மாற்றுத்திறனாளிகள் நாளை ஆண்டுதோறும் கொண்டாடியதாக அதன் இணையப் பக்கத்தில் படித்திருக்கிறேன்.

உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடற்குறைபாட்டுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுக்காக நீங்கள் புதிதாக ஓர் அறக்கட்டளையைத் தொடங்க வேண்டியதில்லை. விற்கும் பொருளைத் திருத்தினால் போதும். எப்படித் திருத்துவது என்பதும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் அணுகல்தன்மை நெறிமுறைகள் 1999இல் முதல் பதிப்பாக வந்தவை. 2023 அக்டோபரில் 2.2ஆம் பதிப்பு வெளியானது. உணரத்தக்கது, இயக்கத்தக்கது, புரிந்துகொள்ளத்தக்கது, உறுதியானது என்ற நான்கு தூண்களின்மேல் அவை நிற்கின்றன. அவற்றில் பல தேவைகள் வெகு எளிமையானவை: நிறத்தை மட்டுமே நம்பிப் பொருளை உணர்த்தாதீர்கள், சுட்டெலி இல்லாமல் விசைப்பலகையால் எல்லாம் இயங்கட்டும், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. தானியங்கிச் சோதனைக் கருவி பச்சை விளக்கைக் காட்டிவிட்டது என்று நிறைவு கொள்ளாதீர்கள். படத்துக்கு, அதைச் சொல்லால் விவரிக்கும் மாற்று உரை இருக்கிறதா என்பதை அது சொல்லும்; அந்த உரை 'படம் 17' என்று இருந்தாலும் ஏற்றுக்கொண்டுவிடும். எங்களைப் போன்றவர்களை அழைத்துச் சோதிக்கச் செய்யுங்கள், அதற்குரிய ஊதியத்தையும் கொடுங்கள். கருத்துக் கேட்க வேண்டும் என்று இலவசமாக அழைக்கப்பட்டு நான் போன கூட்டங்களின் எண்ணிக்கையை நினைவு வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டேன்.

---

புதுப்பொறுப்பு (கேள்வியாளர்)

மூவருக்கும் நன்றி. 'செவிவழி வாசகர்' எழுதியதைப் படித்தபின் எங்கள் விடுப்புத் திரையைத் திறந்து, சுட்டெலியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு விண்ணப்பத்தை அனுப்ப முயன்றேன். தேதியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைத் தாண்ட முடியவில்லை.

இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன. ஊழியர்கள் ஆண்டுக்கு இரண்டு நாள் தன்னார்வப் பணி செய்ய அனுமதிக்கலாம் என்று குழுவில் ஒருவர் முன்மொழிகிறார். அதை எப்படிப் பயனுள்ளதாக்குவது? அடுத்து, அறிக்கையில் அச்சிடுவதற்கு என்ன எண் கிடைக்கும் என்று குழு உறுதியாகக் கேட்கும். அதற்கு என்ன சொல்வது?

---

பதில் 4 – எழுதியவர்: களஞ்சியக் காவலர்

முதல் கேள்விக்கு விடை சொல்கிறேன். உங்கள் நானூறு பேரிடம் இருக்கும் அரிய பொருள் நிரல் எழுதும் திறன். பூங்காவில் குப்பை பொறுக்க அவர்களை அனுப்புவது அந்தத் திறனை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்வதாகும். 1999இல் தொடங்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம், ஒரு சதவீதப் பங்கு, ஒரு சதவீதப் பொருள், ஒரு சதவீத வேலைநேரம் என்று தொடக்கத்திலேயே சமூகப் பணிக்கென ஒதுக்கிவைத்த முறையைப் பிறகு பலரும் பின்பற்றினார்கள். உங்கள் இரண்டு நாள் ஏறத்தாழ அந்த நேரப் பங்குதான். அதை எங்கே செலவிடுவது என்பதில்தான் எனக்கு ஒரு வலுவான கருத்து உண்டு. என் சொந்த நலனும் அதில் கலந்திருப்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஒரு சிறிய திறந்தமூல நூலகத்தை, அதாவது யாரும் எடுத்துத் தம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளக்கூடிய நிரல் தொகுப்பைப் பராமரிப்பவன். உங்கள் மென்பொருள் எத்தனை திறந்தமூலக் கூறுகளின்மேல் நிற்கிறது என்று உங்கள் பொறியாளர்களிடம் கேளுங்கள். எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் வரலாம். அவற்றில் எத்தனைக்கு நிறுவனம் எதையாவது திருப்பிக் கொடுத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானபோதுதான், இணையத்தின் பெரும்பகுதியைப் பாதுகாத்துவந்த ஓப்பன்எஸ்.எஸ்.எல். நிரலை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மிகக் குறைந்த நன்கொடையில் பராமரித்துவந்தார்கள் என்பதை உலகம் கவனித்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற திறந்தமூல நிரலின் பாதுகாப்புக் குறைபாட்டைச் சரிசெய்யத் தூக்கமின்றி உழைத்தவர்களும் தன்னார்வலர்களே. 2024 மார்ச்சில் வெளிப்பட்டதுபோல், எக்ஸ்.இஸட். என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் கள்ளக் கதவு (பிறர் ரகசியமாக நுழைவதற்கான வழி) வைக்கப்பட்டதற்கு வழிவிட்டது, தனியொரு பராமரிப்பாளரின் சோர்வு. அவருக்கு உதவ வந்தவர் போல் நுழைந்த ஒருவர், ஆண்டுகள் பொறுத்திருந்து அதைச் செய்தார். அன்று இன்னொரு பொறியாளர், தன் கணினியில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை உறுத்தலாகக் கருதித் தோண்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

ஆகவே அந்த இரண்டு நாளை நானூறு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் வந்து போகும் நூறு பேரைவிட, ஆண்டு முழுவதும் வாரத்தில் அரை நாள் வரும் நால்வர் எங்களுக்கு மேலானவர்கள். புதியவருக்குக் கற்றுக்கொடுக்க நான் செலவிடும் நேரத்தை, ஒரு நாள் விருந்தினர் திருப்பித் தருவதில்லை. தொண்டு நிறுவனங்களுக்கு இணையதளம் கட்டிக் கொடுப்பதிலும் இதே நிலைதான்: கட்டியவர்கள் போனபின் கடவுச்சொல்லும் தெரியாத, புதுப்பிக்கவும் ஆளில்லாத தளம் ஒன்று மிஞ்சும்.

கேட்கப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வருகைப் பதிவு மென்பொருள் என்பது இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்பதை அறியும் கருவி. ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஊழியரின் இருப்பிடத்தைப் பதியும் வசதியை வாடிக்கையாளர் கேட்டால், நீங்கள் அதைக் கட்டித் தருவீர்களா? தருவதாக இருந்தால் அது இயல்பாக அணைந்திருக்குமா, பதிவுகள் எத்தனை நாளில் அழியும், கண்காணிக்கப்படுவதை அந்த ஊழியர் அறிவாரா? உங்கள் நிறுவனம் உலகில் ஏற்படுத்தக்கூடிய மிகப் பெரிய தீங்கும் நன்மையும் அந்த முடிவில்தான் இருக்கின்றன என்பது என் கணிப்பு. அந்த விவாதம் சமூகப் பொறுப்புக் கோப்புக்கு வெளியே, விற்பனைப் பிரிவில் மட்டும் நடக்கக் கூடாது.

---

பதில் 5 – எழுதியவர்: பழைய தணிக்கையாளர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குழு எண் கேட்டால் கொடுங்கள். ஆனால் செலவிட்ட தொகையையும் பங்கேற்றவர் எண்ணிக்கையையும் முதல் வரியில் போடாதீர்கள். அவை நீங்கள் போட்டதைச் சொல்கின்றன, விளைந்ததைச் சொல்வதில்லை. சுட்டெலி இல்லாமல் முடிக்கக்கூடிய திரைகள் மொத்தத்தில் எத்தனை, நிறுவனத்தை விட்டு வெளியேறிய கருவிகளில் வட்டு அழித்த பதிவு உள்ளவை எத்தனை, நட்ட கன்றுகளில் மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருப்பவை எத்தனை என்பவை விளைவைக் காட்டும் எண்கள். முதல் ஆண்டில் அவை மோசமாகவே இருக்கும். அவற்றை அடிப்படை ஆண்டாகக் குறித்து அப்படியே வெளியிடுங்கள். பின்னால் காட்டும் முன்னேற்றத்தை வாசகர் நம்புவதற்கு அதுவே காரணமாகும்.

நீங்கள் குறிப்பிட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பதில் சொன்னவர்கள் யாரும் தொடவில்லை. அலுவலகத்தைத் துப்புரவு செய்பவர், காவலர், வாகன ஓட்டுநர், செயற்கை நுண்ணறிவுக்கான பயிற்சித் தரவுக்குக் குறியிடுபவர் ஆகியோர் உங்கள் நானூறு என்ற எண்ணுக்குள் வருவதில்லை. படிவத்தில் கேட்கப்படுவது பெரும்பாலும் அவர்களைப் பற்றித்தான். அவர்களுக்கு உரிய நாளில் ஊதியம் போய்ச் சேர்கிறதா என்பதை ஒப்பந்ததாரர் தரும் உறுதிமொழியைக் கொண்டு முடிவு செய்யாமல், வங்கிப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். ஒப்பந்ததாரரைத் தாண்டி உங்களிடமே முறையிட அவர்களுக்கு ஒரு வழி இருக்க வேண்டும். ஐ.நா. நெறிகள் குறைதீர்ப்பு முறையைப் பற்றித் தனியாகப் பேசுகின்றன. வாய்ப்பிருந்தால் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டு வரைவை எழுதுங்கள்.

கொள்கையில் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே ஒரு பதவியின் பெயர் இருக்கட்டும். அணுகல்தன்மைக்குத் தயாரிப்புத் தலைவர், கருவிகளுக்குத் தகவல்தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர், ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கொள்முதல் பிரிவு. எல்லாவற்றுக்கும் எதிரே மனிதவளப் பிரிவு என்று எழுதினால், அடுத்த ஆண்டும் நீங்களே தனியாக ஒரு கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

---

புதுப்பொறுப்பு (கேள்வியாளர்)

அனைவருக்கும் மீண்டும் நன்றி. இன்று தகவல்தொழில்நுட்பப் பிரிவின் கிடங்கறையைத் திறக்கச் சொல்லிக் கணக்கெடுத்தோம். பள்ளிக்கு வழங்குவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த முப்பத்தொரு மடிக்கணினிகளில், வட்டு அழிக்கப்பட்டதற்கான பதிவு ஒன்றுக்குக்கூட இல்லை. அடுத்த மாதம் நடக்கவிருந்த வழங்கும் விழாவைத் தள்ளிவைக்குமாறு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் காரணம் கேட்டிருக்கிறார், இந்த உரையாடலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போகிறேன்.